ஜாக்கி அத்தையும் பூஜ்யத்தில் நின்ற முள்ளும்

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். சுத்தப் பொய். என் அத்தை தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, வாயில் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டே, அதற்கு ஹேண்டில் போட்டுச் சுற்றிவிடுகிறாள். ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று மத்தியானம் வரை எங்கள் தெருவில் விடியவே இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் எதிர்க்கடை டெய்லரைக் கேட்டுப் பார்க்கலாம். ஆமாம் என்பார். என் அத்தையைப் பற்றி எதைக் கேட்டாலும் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். ஒரு தடவை இல்லை என்று சொன்னதில் அவருடைய தையல் மெஷின் சாக்கடையில் கிடந்தது.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. நாற்பத்தெட்டு வயது. பழைய கார்களை மட்டும் எடுத்து வேலை பார்க்கிற மெக்கானிக். புதுக் கார்களை உள்ளே விடமாட்டாள். "அதுல மெக்கானிக்குக்கு என்னடா வேலை? கம்ப்யூட்டர்காரனைக் கூப்பிடச் சொல்லு" என்பாள். தகரக் கூரை, மூன்று கார் நிற்கும் இடம், நடுவில் ஒரு குழி, சுவரோரம் ஒரு மேசை, அதில் இரும்பைக் கடித்துப் பிடிக்க ஓர் ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு வைஸ். பின்னால் ஓர் அறையும் சமையல் மூலையும். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பும் நானும் ஒருவரையொருவர் மூன்று தடவை பார்த்துச் சலித்துப் பிரிந்த பிறகு அவளோடு வந்து சேர்ந்தேன்.

அவளுக்கு ஜாக்கி என்ற பெயர் வந்த கதை இது. இருபது வருஷம் முன்னால் அவள் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் ஒரு காரின் ஜாக்கி நழுவி, உள்ளே படுத்திருந்த ஆளின் தொடை மேல் வண்டி இறங்கிவிட்டது. எல்லோரும் கத்தினார்கள். அத்தை கத்தவில்லை. பின் பம்பரைப் பிடித்துக் காரின் மூலையைத் தூக்கி நிறுத்தினாள். ஆள் ஊர்ந்து வெளியே வந்தான். வண்டியை இறக்கி வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் விட்டாள் ஒன்று. "கட்டை வைக்காம எவன்டா வண்டிக்கு அடியில போவான்?" தொடையைவிடக் கன்னம்தான் ஆறுவதற்கு நாளானது என்று அந்த ஆளே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் ஆளே அப்படித்தான். கையால் யோசிப்பாள். கழலாத போல்ட்டுக்கு முதலில் எண்ணெய், அடுத்து வசவு, அடுத்து சுத்தியல். மனிதர்களுக்கு எண்ணெய் கிடையாது. மாமா என்று ஒருவர் இருந்தாராம். ஒரு நாள் குடித்துவிட்டு வந்து அவள்மேல் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தப் பக்கமாகவே திரும்பிக்கொண்டது. அதை நேராக்க எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அப்படியே போய்விட்டார். தெருவில் அவர் ஓடிப்போனார் என்பார்கள். "ஓடல. நான் விட்டேன், போனாரு" என்பாள் அத்தை.

போன வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் பழைய பேரிங்கைப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று கொடுத்தார். அது ஓட்டத்தில் உடைந்து, கார் பள்ளத்தில் இறங்கி, ஓட்டிய பெண்ணுக்கு இடுப்பெலும்பு போனது. அத்தை கடைக்குப் போனாள். பேசப் போனதாகத்தான் சொல்கிறாள். கடைக்காரர் ஆறு வாரம் ஸ்ட்ரா வைத்துத்தான் சாப்பிட்டார். தாடையில் மூன்று இடத்தில் கம்பி.

கோர்ட்டில் நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருஷம் ஜெயில். ஆனா இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். ஒரு வருஷம் யார் மேலயும் கை வைக்காம இருந்தா அதோட முடிஞ்சது. வச்சா, அன்னைக்கே உள்ள போகணும்."

அத்தை கேட்டாள்: "காலு?"

எங்கள் வக்கீல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நீதிபதியம்மா பேனாவை எடுத்து, "கை, கால், தலை, கருவி, எதுவும்" என்று சேர்த்து எழுதினார்.

அந்த ஒரு வருஷத்தை அத்தை எப்படிக் கடத்தினாள் என்பதற்குப் பின்சுவரில் தொங்குகிற லாரி டயர் சாட்சி. யார் மேலாவது கோபம் வந்தால் போய்ப் பெரிய சுத்தியலால் டயரை அடிப்பாள். அது ரப்பர்தானா என்றே இப்போது அடையாளம் தெரியாது. இரண்டு தடவை அந்த அடி என்னால் விழுந்தது. தரையில் ஒரு நட்டைப் பசை போட்டு ஒட்டிவைத்தேன். அதை எடுக்கக் குனிந்து நகத்தை உடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை அவள் உட்காரும் ஸ்டூலுக்கு அடியில் லாரி ஹாரனை மாட்டினேன். காலண்டரில் தினமும் கிரீஸ் விரலால் ஒரு கோடு இழுப்பாள். நான் சொல்லப்போகிற சனிக்கிழமையன்று மிச்சம் பத்தொன்பது கட்டங்கள்.

பதினொரு மணிக்கு அந்தக் கறுப்புக் கார் வந்தது. தானாக வரவில்லை. லோடு வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். அத்தையைவிட மூத்த கார். உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு, உட்கார்ந்தால் முக்கால் உடம்பு புதையும் சீட். அதன் எஞ்சினை மூன்று மாதம் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்பக் கோத்து, போன வாரம்தான் அனுப்பிவைத்திருந்தாள். சொந்தக்காரர் பெரிய குழாய்க்கடை முதலாளி. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், குழாயை மூட்டுகிற சாமான் எல்லாம் அவரிடம்தான். கழுத்து தலையைவிட அகலம். கூடவே கடையின் லோடுமேன்கள் இரண்டு பேர்: ஒருவன் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன், மற்றவர் நரைத்து, மெலிந்து, இருமிக்கொண்டிருந்தவர். முதலாளி கையில் ஒன்றரை இஞ்ச் இரும்புக் குழாய். கடைச் சரக்குதான், விலைச்சீட்டு அதிலேயே ஒட்டியிருந்தது.

"எங்கடா அவ?"

"இருக்கிறது ரெண்டு பேரு," என்றேன். "நான் அவ இல்ல. அப்ப மிச்சம் இருக்கிறவங்கதான். குழியில இருக்காங்க."

குழாய் உயர்ந்தது. என் தலைக்கு மேலே டியூப்லைட் வெடித்து, கழுத்துக்குள் கண்ணாடி மழை பெய்தது. எனக்குப் பேச்சு நின்றது. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அத்தை குழியிலிருந்து ஏறி வந்தாள். உடைந்த லைட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். கைகள் இரண்டையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"என்ன முதலாளி?"

"முள்ளு பூஜ்யத்துல நிக்குது. எண்ணெய் பிரஷரே இல்ல. பக்கத்து லாரி டிரைவர் பார்த்துட்டுச் சொல்றான், எஞ்சின் செத்துடுச்சு, யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்கன்னு. ஊரே சிரிக்குது. உள்ள என்ன கழிசடையைப் போட்டு மூடின?"

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவே எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதைப் பம்ப் ஒன்று அழுத்தித் தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தம் என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டர் காட்டும். உண்மையிலேயே பூஜ்யம் என்றால் சில நிமிஷத்தில் இரும்பு இரும்பைக் கடித்து, மூன்று மாத வேலை ஒரு கட்டி உலோகமாகிவிடும். உண்மையிலேயே என்றால்.

"முள்ளு பூஜ்யம் காட்டினா எஞ்சின் செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல முதலாளி. முள்ளு பொய் சொல்லலாம். மொதல்ல அதைப் பார்த்துட்டு..."

குழாய் அவள் தோளில் இறங்கியது. அரிசி மூட்டையை லாரியிலிருந்து போட்டால் வரும் சத்தம். அத்தை அரை அடி நகர்ந்தாள். பாக்கெட்டுக்குள் இரண்டு முஷ்டிகள் தேங்காய் போலப் புடைத்தன.

"என்கிட்டயே வியாக்கியானமா?" இரண்டாவது அடி நெற்றியை உரசிக்கொண்டு போனது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அத்தை கண்ணைச் சிமிட்டினாள். பாக்கெட்டின் தையல் ஒன்று டக்கென்று அறுந்தது எனக்குக் கேட்டது.

போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்டேஷனில் ஜாக்கி பட்டறையில் அடிதடி என்று சொன்னால், "அடி வாங்கினது யாரு, உயிரோட இருக்கானா?" என்றுதான் கேட்பார்கள். பத்தொன்பது நாள் மிச்சம் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்குத் தெம்பு?

"முதலாளி," என்றாள் அத்தை. குரல் மிதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "கால் மணி நேரம் குடுங்க. பானட்டைத் திறந்து பார்த்துடறேன். என் தப்புன்னா மிச்ச அடியையும் இங்கயே நின்னு வாங்கிக்கிறேன்."

"எங்க போயிடப்போற? பாரு."

அத்தை கைகளை வெளியே எடுத்தாள். ஸ்பேனர் பிடிக்கும்போது அந்தக் கைகள் வேறு யாருடையவோ போல ஆகிவிடும். பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, திரும்ப விட்டு உருவினாள். மேல் கோடு வரை எண்ணெய். இரண்டு விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்தாள். இரும்பு தேய்ந்திருந்தால் விரலில் பொடி மினுங்கும். மினுங்கவில்லை. விரலில் மினுங்கியது அவள் புருவத்து ரத்தம் மட்டும்தான்.

"டேய், உள்ள உக்காரு. சாவியை மட்டும் போடு, கிளப்பாத. முள்ளு என்ன சொல்லுதுன்னு பார்த்துச் சொல்லு."

ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எஞ்சினுக்கு மறுபக்கத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். அதுதான் சென்சார். உள்ளே எண்ணெயின் அழுத்தத்தை அது உணர்ந்து, தலையில் மாட்டியிருக்கும் ஒற்றை ஒயர் வழியாக மீட்டர் முள்ளுக்குச் சொல்லும். அத்தை அந்த ஒயரைப் பிடுங்கி, நுனியை எஞ்சின் இரும்பில் வைத்தாள்.

"இப்ப?"

முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பி மறுகோடிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தப் பொய் அத்தைக்கு நல்லது என்று தெரியாததால் உண்மையைச் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் போயிடுச்சு அத்தை."

"எடுத்துட்டேன். இப்ப?"

"பூஜ்யம்."

"சரி. மீட்டர் நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு."

அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் குழாய்க்கடைக்காரருக்குக் காது இருந்தது.

"கேட்டீங்களாடா? மீட்டர் நல்லா இருக்காம். அப்ப அது காட்டின பூஜ்யமும் நெசந்தான? உன் வாயாலயே ஒத்துக்கிட்ட."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அத்தை எஞ்சின் மேல் குனிந்திருந்தாள். அவர் அதே நிலையில் அவளுடைய விலாவில் வீசினார். அவளுக்குள்ளிருந்து காற்று முழுவதும் வெளியேறும் சத்தம் கேட்டது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பி மேசையில் இருந்ததை எல்லாம் ஒரே வீச்சில் தரைக்கு அனுப்பினார். ஸ்பேனர்கள் நாலு பக்கமும் தெறித்தன. கார்புரேட்டர் ஒன்று சுவரில் மோதி இரண்டாகியது. இளம் லோடுமேன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"போதும் முதலாளி," என்றார் பெரியவர் இருமலுக்கு நடுவே. "பொம்பளை ஆளு."

"இதுவா பொம்பளை?"

"அண்ணே, நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள் அத்தை, பெரியவரைப் பார்த்து. மூச்சு முழுசாக வரவில்லை. "முதலாளி, மீட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இன்னும் ஒருத்தன் இருக்கான். சென்சார். அவனை விசாரிக்கணும்."

ஸ்பேனரைக் குமிழில் மாட்டி ஒரு வெட்டு வெட்டினாள். சுற்றிச் சுற்றிக் கழற்றியபோது அந்த மறுபக்கத் தரையில் எண்ணெய் சிந்தியது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது. ரத்தத்துக்கும் கிரீஸுக்கும் இடையே அதில் சிரிப்பு போல ஒன்று வந்து, வந்த வழியே போய்விட்டது. குமிழை மேல் பாக்கெட்டில் போட்டாள். டிராயரிலிருந்து கைமீட்டரை எடுத்தாள். ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் கடிகாரம் போல ஒரு வட்டம். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம், எண்ணெயே நேராக வந்து முள்ளைத் தள்ளும். அதற்குப் பொய் சொல்ல வழியில்லை. சென்சார் இருந்த ஓட்டையில் அதைத் திருகினாள். வட்டத்தைப் பானட்டின் விளிம்பில், எல்லோருக்கும் தெரியும்படி மாட்டினாள்.

"கிளப்பு."

திருகினேன். எஞ்சின் இரண்டு தடவை கனைத்து, மூன்றாவதில் பிடித்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நல்ல சாப்பாடு சாப்பிட்டவர் தூங்குகிற மாதிரி. கைமீட்டரின் முள் துள்ளி அறுபதைத் தொட்டு, இறங்கி, ஐம்பதில் அசையாமல் உட்கார்ந்தது.

"படிங்க முதலாளி. எனக்குக் கண்ணுல ரத்தம், சரியா தெரியல."

அவர் படிக்கவில்லை. பெரியவர்தான் குனிந்து பார்த்து, "அம்பது," என்றார். சந்தோஷமாகவே சொன்னார், பாவம்.

"இந்த வயசு எஞ்சினுக்கு அம்பது வந்தா அது குதிரை. நிறுத்துடா."

நிறுத்திவிட்டு இறங்கி, கதவோரம் நின்றேன். அத்தை காரின் முன்பக்கம் வந்து, பித்தளைக் குமிழை எடுத்து நீட்டினாள். அதன் திருகு மரையைச் சுற்றி வெள்ளையாக, மெல்லிசாக, நாலு சுற்று. குழாய் மூட்டுக்குச் சுற்றுகிற டேப்.

"இது யாரு சுத்தினது?"

"இந்தச் சென்சாருக்கு ஒயர் ஒண்ணுதான் முதலாளி. கரண்டு திரும்பிப் போற வழி இந்த மரைதான். இரும்போட பித்தளை ஒட்டணும். நடுவுல பிளாஸ்டிக்கைச் சுத்தினா அவனுக்கு வாய் அடைச்சுப் போகும். எஞ்சின் ஓடும், எண்ணெய் ஓடும், இவன் மட்டும் ஊமையா நிப்பான், முள்ளு பூஜ்யத்துல கிடக்கும். மெக்கானிக் எவனும் இதைப் பண்ணமாட்டான். இது குழாய் வேலை பார்க்கிறவங்க பழக்கம்."

வயதான லோடுமேன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரியாது.

"முதலாளிதாம்மா சுத்தினாரு. செவ்வாக்கிழமை. துளி எண்ணெய் கசியுதுன்னு. நம்ம டேப்பு போட்டா கடலே கசியாதுன்னு சொல்லி, அவரே கழட்டி..."

"கசிஞ்சது என் தப்பு," என்றாள் அத்தை, குமிழை மேல் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கைகளைத் திரும்பப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு. "கால் சுத்து கம்மியா முறுக்கியிருக்கேன். அதை ஒத்துக்கிறேன். வந்து சொல்லியிருந்தா..."

முதலாளி கேட்கவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரை போனது. ஊர் சிரித்தது யாரைப் பார்த்து என்று இப்போது தெரிந்துவிட்டது. அதுவும் தன் லோடுமேன் வாயால். திரும்பிய வேகத்தில் குழாய் பெரியவரின் காதில் விழுந்தது. அவர் சத்தமே போடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. இரண்டாவது முதுகில். மூன்றாவதுக்கு முதலாளி கையை ஓங்கினார்.

தோளில் வாங்கினாள், நெற்றியில் வாங்கினாள், விலாவில் வாங்கினாள், பாக்கெட்டுக்குள் கையை வைத்திருந்தாள். தனக்கு விழுந்த வரையில் அத்தையால் அது முடிந்தது. இப்போது வலது கை வெளியே வந்தபோது பாக்கெட்டும் கிழிந்து கூடவே வந்தது. அந்த முஷ்டி பின்னால் போனதைப் பார்த்தேன். தாடைக்காரரின் ஆறு வாரத்தைப் பார்த்தேன். ஜெயிலில் பழைய கார் கிடையாது. டயர் தொங்கவிடுவார்களா என்றும் தெரியாது.

சரியாக அந்த நேரம் பார்த்து நான் எண்ணெயில் வழுக்கினேன்.

சென்சாரைக் கழற்றும்போது சிந்திய எண்ணெய். செருப்பு வேறு பழசு. வழுக்கிய வேகத்தில் நான் போய் நின்ற இடம், என் கெட்ட நேரம், அத்தையின் முஷ்டிக்கும் குழாய்க்கடைக்காரரின் மூக்குக்கும் இடையே இருந்த ஒன்றரை அடி.

அந்த அடியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தெருவில் அதை வாங்கிவிட்டு எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான். முதலில் வலி இல்லை. முதலில் வெள்ளை வெளிச்சம். பிறகு என் மேல்வரிசைப் பற்கள் இரண்டு எனக்கு முன்னால் போவதை நானே பார்த்தேன். பிறகு வைஸ் மேசையின் கால் என்னை நோக்கி வந்தது. கூரை சுற்றியது. அத்தை பூமியைத்தான் இன்னொரு சுற்று சுற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

மிச்சத்தைப் பெரியவர் பிறகு சொன்னார். குழாய்க்கடைக்காரர் என் சட்டை முழுக்க ஒழுகும் ரத்தத்தைப் பார்த்தாராம். அத்தையின் கையைப் பார்த்தாராம். அந்த அடி யாருக்குக் கிளம்பியது என்று மனசில் கணக்குப் போட்டிருக்கவேண்டும். கையிலிருந்த குழாய் தானாகக் கீழே விழுந்தது. காரையும் விட்டு, லோடு வண்டியையும் விட்டு, நடந்தே போய்விட்டார். நடந்தார் என்பது பெரியவரின் மரியாதை. இளம் லோடுமேன் ஓடினார் என்றான்.

அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். முதலில் என் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அடுத்து, சென்சார் மரையில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, பெட்ரோலில் கழுவி, வெறும் மரையாகத் திருகி, கால் சுற்று அதிகமாக முறுக்கி, ஒயரை மாட்டினாள். அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்கிறாள். "எண்ணெய் பீச்சுற வண்டியில எப்படிடா உன்னை ஏத்துறது?" நியாயம்தான்.

கண் விழித்தபோது அந்தக் கறுப்புக் காரின் பின்சீட்டில், அத்தையின் மடியில் என் தலை. காதில் துணி கட்டிக்கொண்டு பெரியவர் ஓட்டினார். அத்தையின் கை என் தலைமுடிக்குள் இருந்தது. அவள் பார்வை பெரியவரின் தோளுக்கு மேலாக டேஷ்போர்டில் இருந்தது.

"எவ்வளவு அண்ணே?"

"அம்பதும்மா."

"மேட்டுல கொஞ்சம் இறங்குதா பாருங்க."

"இறங்கலம்மா. அம்பதேதான்."

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கை நகரக்கூடாது என்று இருந்தது. மயக்கம் இன்னும் தெளியவில்லை, வேறொன்றும் இல்லை.

கிளினிக்கில் டாக்டர் இளைஞர். என் உதட்டை விரித்துப் பார்த்து, "எப்படிப்பா ஆச்சு?" என்றார்.

"எண்ணெயில வழுக்கி வைஸ்ல மோதிட்டேன்." இதையே சொல்வதென்று காரில் முடிவு பண்ணியிருந்தேன். யார் மேலயும் என்றால் மருமகன் மேலும்தானே. நீதிபதியம்மா விவரமானவர்.

"இவங்களுக்குப் புருவம்?"

"அதுவும் வைஸ்தான்."

"அந்தப் பெரியவருக்குக் காது?"

"வைஸ்."

"மூணு பேரும் ஒரே வைஸ்லயா?"

"பெரிய வைஸ் டாக்டர்."

அவர் அத்தையின் வலது கையைப் பார்த்தார். நாலு முட்டியிலும் தோல் கிழிந்து, நடுமுட்டியில் என் பல் பதிந்த தடம். அப்புறம் சீட்டில் 'தவறி விழுந்தது' என்று எழுதினார். உதட்டில் ஊசி போட்டு, ஐந்து தையல் போட்டார். அத்தை கால்மாட்டில் நின்றாள். ஊசி இறங்கிய ஒவ்வொரு தடவையும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கம்பி வளைந்ததா என்று நான் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். பெரியவரை உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்திருந்த என் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மோந்தும் பார்த்தாள். அடுத்ததையும் அப்படியே பார்த்தாள்.

"சிமெண்டுத் தூசிதான் இருக்கு," என்றாள்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"எண்ணெய் சிந்தினது சென்சார் பக்கம். நீ ஸ்டியரிங் பக்கம் இறங்கி, கதவுகிட்ட நின்ன. நடுவுல ஒரு எஞ்சின் இருக்கு. அதைத் தாண்டிக் குதிச்சுப் போய் அந்தப் பக்கம் வழுக்கிட்டு, திரும்பிக் குதிச்சு வந்து என் கைக்கு முன்னாடி நின்னியா?"

"ங்ங்ம்," என்றேன், உதட்டைக் காட்டி.

"நாக்கு மரத்துப்போச்சுன்னு நடிக்காத. அவரு ஊசி போட்டது மேல் உதட்டுக்கு. நான் பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."